இறக்கைக்கு இஸ்திரி

இஸ்திரிப் பெட்டியின் அடியில் கணவரின் பழைய பனியனைச் சுற்றிக் கட்டினாள்.

உள்ளறையிலிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது. மணி மூன்று. நாலுக்கு அவர் எழுந்துவிடுவார். அதற்குள் முடித்தாக வேண்டும்.

சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு இறக்கை கிடந்தது. ஐந்தடி நீளம். அதன் ஜோடி வேலை முடிந்து, பூஜை அலமாரி பக்கத்துச் சுவரில் சாய்ந்திருக்கிறது. இரண்டையும் விமானத்தின் உடம்பில் மாட்டிவிட்டால் கூடத்தில் ஆள் நடக்க முடியாது. அவரே செய்கிற, ரிமோட்டில் பறக்கிற விமானம். பொம்மை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் கணவர் அன்று முழுக்கப் பேசமாட்டார்.

நாலு மாதமாக மகனுக்கும் மருமகளுக்கும்கூடத் தரையில்தான் சாப்பாடு.

விமானம் போகட்டும். அவருடைய நெஞ்சில் மூன்று அடைப்பு. திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர் ஆனியிலேயே சொல்லிவிட்டார்.

“ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குதுங்க. முடிச்சுப்போட்டு வந்தர்றேன்” என்றார் இவர்.

டாக்டர் பாவம். வீடு கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனி போயிற்று. ஆடியில் உடம்பில் கத்தி படக்கூடாது என்றார். பஞ்சாங்கத்தை ஆயுசில் திறந்து பார்க்காத மனிதர். ஆவணியில் வால் கோணலாக இருந்தது. புரட்டாசியில் மோட்டார் வரவில்லை. வந்தபோது, இது நான் கேட்டது இல்லை என்று திருப்பி அனுப்பி வேறு வரவழைத்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆட நன்றாகவே தெரியும். முப்பத்தாறு வருஷம் மில்லில் மெஷினைப் பிரித்து மாட்டிய கை. அதனால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தீபாவளிக்கு மேல் தள்ளினால் தன்னைக் கேட்கக்கூடாது என்றார்.

நேற்று மாடிப்படியில் நாலாவது படியிலேயே நின்றுவிட்டார் மனுஷன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி. கேட்டதற்கு, பசையை எங்கே வைத்தேன் என்று யோசித்தாராம்.

காலையிலிருந்து அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். பாலைப் பொங்கவிட்டாள். துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மிச்சம் இருப்பது இந்த ஒரு இறக்கைதான். இதற்கு மேல்தாள் ஒட்ட வேண்டும். சூடு பட்டால் ஒட்டிக்கொண்டு விறைப்பாக இறுகும் தாள். முதல் இறக்கைக்கு அவர் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார்.

பாரதப் போரே பதினெட்டு நாளில் முடிந்துவிட்டது.

அவர் வெட்டி வைத்திருந்த அரக்கு நிறத் தாளை எடுத்தாள். பின்பக்கத்தை உரித்தாள். இஸ்திரி போட இந்த வீட்டில் அவரைவிடக் கைதேர்ந்த ஆள் உண்டு.

முதலில் ஓரங்கள். இழுத்துப் பிடித்து, ஓர் ஓரம். எதிரே இன்னொன்று.

அடியில் வரிசையாக மெல்லிய மரச்சட்டங்கள். விலா என்பார் அவர். அழுத்தினால் முறிந்துவிடும். அழுத்தவும் கூடாது, ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது. பட்டுப்புடவைக்குப் போடுகிற மாதிரிதான். தொட்டும் தொடாமல் போனாள்.

குறட்டை நின்றது.

அவள் கையும் நின்றது. பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். விழித்துக்கொண்டாரா, இல்லை வேறு ஏதாவதா.

மறுபடி வந்தது குறட்டை. பாழாய்ப்போன குறட்டை. முப்பது வருஷமாக அவளைத் தூங்கவிடாத சத்தம். இப்போது அது கேட்டால்தான் மூச்சு விட முடிகிறது.

நடுப்பகுதிக்கு வந்தாள். தாள் சூட்டில் மெல்ல இழுத்துக்கொண்டது. தொய்வெல்லாம் போயிற்று. திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தையும் முடித்தாள். விரலால் சுண்டினால் உறுமி மேளம் மாதிரிச் சத்தம்.

பதினெட்டு நாளாம்.

நிமிர்ந்தபோது அவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ.

திட்டுவார் என்று தயாரானாள். நாலு மாதத்து வார்த்தைகள் அவளிடமும் இருந்தன.

திட்டவில்லை. மேசையைச் சுற்றி வந்தார். உள்ளங்கையால் இறக்கையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது.

“என்னோடதவிட நல்லா வந்துருக்குது மரகதம்.”

மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். கையைப் பார்த்தார்.

“செரி. டாக்டருக்குப் போன் பண்ணி நாள் வாங்கிப்போடு.”

இதைக் கேட்கத்தான் இத்தனை பாடு. சொன்ன நிமிஷமே போனை எடுத்துவிட வேண்டும், பேச்சு மாறுவதற்குள் நாளைக் குறித்துவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை மனதில் ஒத்திகை பார்த்திருந்தாள். போன் கைக்கெட்டும் தூரத்தில், பிரிட்ஜின் மேல்தான் இருந்தது.

கை போகவில்லை.

நாள் கொடுத்துவிடுவார்கள். அது நாளைக்கேகூட இருக்கலாம். தள்ளு வண்டியில் படுக்க வைத்து, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவார்கள். இவ்வளவு நாள் அந்தக் கதவைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. நினைக்க இடம்விடாமல் கோபம் இருந்தது.

இப்போது கோபத்தைத் தேடினாள். காணோம். பயமாக இருந்தது.

அவள் குனிந்து இறக்கையின் மேல் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“இங்க ஒரு சுருக்கம் விழுந்துருக்குதுங்க.”

அவர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார். சன்னல் வெளிச்சம் நேராக அந்த இடத்தில்தான் விழுந்திருந்தது. மயிரிழை அளவுச் சுருக்கம்கூட இல்லை.

வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஆமா, இருக்குது” என்றார்.