காது நுனி ரத்தம்

"அக்கா, மணி நாலாகுது. இல்லாத ஒண்ண எத்தன தடவதான் தேடுவீங்க?" என்றார் நாய் டாக்டர்.

"இருக்கு டாக்டர். என் கண்ணுக்குத்தான் டிமிக்கி குடுக்குது."

லேப் அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கேட்டால், மைக்ராஸ்கோப் வெளிச்சம் என்றார்.

சிலைடில் இருந்தது தடியனின் ரத்தம். ஊசியைப் பார்த்தால் மற்ற நாய்கள் மேசைக்கடியில் ஓடும்; அவன் மட்டும் தானாகக் காலை நீட்டுவான். அப்படிப்பட்டவனுக்கு நேற்று திடீரென்று காய்ச்சல். ஈறெல்லாம் வெளுப்பு, சிறுநீர் காபி நிறம்.

"உண்ணிக் காய்ச்சல்னு எனக்கும் சந்தேகம்தான். அதுக்காக அந்த ஊசியக் குருட்டாம்போக்குல போட முடியுமா? இருக்கிற நிலைமையில உடம்பு தாங்காது. கிருமியக் கண்ணால காட்டுங்க, அடுத்த நிமிஷம் போடுறேன்."

கதவு திறந்தது. பஸ் டிரைவர் ஒருவர் யூனிபார்மோடு எட்டிப் பார்த்தார். கையில் துண்டில் சுற்றிய குட்டி நாய்.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா? எம்பொண்ணு போன் மேல போன் போடுறா."

"பெஞ்சுல உக்காருங்கண்ணே. கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

அவர் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரமும் நீங்கதான தடியனுக்குப் பாத்தீங்க? சுத்தம்னு எழுதினீங்களே?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

"எழுதினேன். கால் ரத்தத்த மட்டும் பாத்துட்டு எழுதினேன். தப்பு என்னோடதுதான். நேத்து காது நுனியில குத்தி எடுத்த சிலைடு ஒண்ணு பாக்கியிருக்கு. அங்கதான் கூட்டமா ஒளிஞ்சிருக்கும்."

சாயம் காய்ந்த சிலைடை வைத்தார். அரிசியில் கல் பொறுக்குவது போல ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினார். பத்து நிமிடம். இருபது நிமிடம்.

"மாட்டிக்கிச்சு!"

டாக்டர் குனிந்து பார்த்தார். சிவப்பணுவுக்குள் ஜோடியாக இரண்டு குட்டிப் பேரிக்காய்கள். மறுபேச்சில்லாமல் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு நடந்தார். அக்கா பின்னாலேயே ஓடினார்.

வழியில் தடியனின் கூண்டு. விடியற்காலையிலிருந்தே அது காலி. கழுத்துப்பட்டை மட்டும் கம்பியில் தொங்கியது.

அதைத் தாண்டிப் பெஞ்சுக்குப் போன டாக்டர், டிரைவரின் மடியிலிருந்த குட்டியைத் தூக்கினார். அதன் ரத்தத்தில் கிருமி பெருகிக் கண்ணில் படும்வரை காத்திருக்க முடியாது. போன வாரம் தடியன் காலை நீட்டிக் கொடுத்த ரத்தம்தான் அதன் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது.