கூடை கேட்ட உதவி

இணையக் கடை ஒன்றில், கடைசி மஞ்சள் கவுனை வைத்துக்கொண்டு ஒரு கூடை தனியாகக் காத்திருந்தது. போன் வழியே வந்து கவுனை அதில் எடுத்து வைத்துவிட்டுப் போன ரெஜினா, ஒருவழியாக ஆபீஸ் கம்ப்யூட்டர் வழியே திரும்பி வந்தாள்.

"அக்கா, இங்கதான் இருக்கேன்!" என்று கூவியது கூடை.

"சும்மா கத்தாதே. அவ யாருன்னு காட்டுற டோக்கன் போனிலேயே கிடக்கு. டோக்கன் இல்லாம வந்தா எனக்கு எல்லாரும் புது ஆளுதான்" என்ற கதவு, அவளுக்கு வேறொரு கூடையைக் கொடுத்தது.

ரெஜினா நேரே போய் மஞ்சள் கவுனைத் தேடினாள். "தீர்ந்துபோச்சு" என்றது அலமாரி. அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

கூடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெடு முடிந்த கூடைகளை அழிக்கும் கடிகாரத்தை அவசரமாகக் கூப்பிட்டது.

"அண்ணே, என்னை அழிச்சிட்டா கவுன் அலமாரிக்குப் போயிடும்ல?"

"போயிடும். ஆனா உனக்கு இன்னும் நேரம் இருக்கேடா."

"அவங்க கிளம்புறாங்க, அண்ணே. சீக்கிரம்."