சித்தியின் பக்கம்

“ஒரு பழைய கதையை, அதுல வர்ற கெட்டவங்க சொல்ற மாதிரி எழுதச் சொன்னேங்க. உங்க பொண்ணு எழுதினதைப் படிங்க” என்று நோட்டைத் திறந்து நீட்டினார், பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த டீச்சர்.

‘நான்தான் சித்தி. அரண்மனை விருந்துக்குப் போக ஒருத்திக்குப் புதுப் பாவாடை. அடுப்படியில் பாத்திரம் தேய்க்க இன்னொருத்தி. ஊர் வாய்க்குப் பயந்துதான் இப்படிச் செய்கிறேன்.’

பானுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அநியாயம் டீச்சர்! யாழினியைப் பெத்தவ போனப்புறம் இரண்டாந்தாரமா வந்தவதான் நான். சித்தி கொடுமைன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு அவளைத் தாங்கித் தாங்கி வளர்த்தேன். திருவானைக்காவல்ல எங்க தெருவுல யாரை வேணா கேளுங்க. ஸ்ரீரங்கம் தேருக்குத் துணி எடுத்தா முதல்ல அவளுக்குத்தான். ஒரு டம்ளர் கழுவ விட்டதில்ல. அவளா இப்படி எழுதினா?”

“யாழினியா? இது கயல்விழி நோட்டுங்க. மூத்த தாரத்துப் பொண்ணு அவதானே?”

பானுப்ரியா நோட்டை மூடி அட்டையைப் பார்த்தாள். கயல்விழி என்றுதான் இருந்தது.

“இல்ல டீச்சர்” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “அவ நான் பெத்த பொண்ணு.”