பட்டறையில் யாரும் இல்லை

"அப்போ என் அனுபவமும் பொய்யா? அதையும் மேடையிலயே சொல்லிடு."

மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்த பட்டறைக்காரரை நோக்கி அரங்கமே திரும்பியது. 'ஒரு தனி மனிதரின் அனுபவம் கடவுளுக்குச் சான்றாகாது' என்று அரை மணி நேரமாகக் கல்லூரிப் பட்டிமன்ற மேடையில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த பேராசிரியர், பேச்சைச் சட்டென்று நிறுத்தினார். எழுந்து நின்றவர் அவருடைய சொந்த அண்ணன்.

"பொய்னு சொல்லலண்ணே. உங்க வாயில பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். நடந்ததைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னுதான் சொல்றேன்."

மாணவர்கள் விசிலடித்தார்கள். நடுவர் அம்மா மேசையைத் தட்டினார்.

"மேல வாங்க ஐயா. என்ன நடந்ததுன்னு சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

பட்டறைக்காரர் விறைப்பாக மேடையேறி வலக்கையை உயர்த்தினார்.

"இருபது வருஷத்துக்கு முன்னால, ஒரு ராத்திரி, தகடு அழுத்துற மெஷின்ல சட்டைக் கை சிக்கிடுச்சு. கையை உருவ முடியல. மேல இருந்து இரும்பு இறங்குது. 'கடவுளே'ன்னு கத்தினேன். மெஷின் அப்படியே நின்னுடுச்சு. விரலுக்கும் இரும்புக்கும் நூலளவுதான் இடைவெளி. இதோ, அஞ்சும் இருக்கு. சந்தேகம்னா வந்து எண்ணிப் பாருங்க."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"கரண்ட் போயிருக்கும் தாத்தா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தெரு பூரா கரண்ட் இருந்துச்சு பேராண்டி. எங்க பட்டறை மெயின் சுவிட்ச் மட்டும் கீழ இறங்கியிருந்துச்சு."

பேராசிரியரின் அணியில் இருந்த வக்கீல் துள்ளி எழுந்தார். "தானா இறங்குமா? எவனாவது இறக்கியிருப்பான். பட்டறையில வேற யார் இருந்தாங்க?"

இருபது வருடங்களாக அவர் தலைநிமிர்ந்து சொல்லிவந்த வார்த்தை, இந்த ஒரு பதிலில் நிற்கும் அல்லது விழும்.

"யாரும் இல்ல," என்றார் பட்டறைக்காரர். "கடவுள் சாட்சியா, என்னைத் தவிர யாரும் இல்ல."

வக்கீல் பேராசிரியரின் காதைக் கடித்தார். "விடாதீங்க சார். பின்வாசல் இருந்துச்சான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கோப்பை நமக்குத்தான்."

பேராசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தார்.

"எனக்குக் கேள்வி இல்ல."

கோப்பை எதிரணிக்குப் போனது. கூட்டம் கலைந்ததும், வண்டி நிறுத்துமிடத்தில் பேராசிரியர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அத்தனை பேர் முன்னால உங்க நம்பிக்கையை உடைக்க மனசு வரல. அன்னிக்கு மெயினை இறக்கினது நான்தான். இருட்டாக்கிட்டுச் செம்புக் கம்பியைத் திருடி விக்கலாம்னு வந்தேன்."

"தெரியும்டா. கம்பிச் சுருளைத் தோள்ல மாட்டிக்கிட்டு நீ பின்வாசலைத் திறந்தப்ப வந்த தெருவிளக்கு வெளிச்சத்துலயே பார்த்துட்டேன்."

தம்பி பிடித்திருந்த கையை விட்டார். "அப்புறம் எதுக்கண்ணே, கடவுளையே சாட்சிக்கு இழுத்துப் பொய் சொன்னீங்க?"

"உன் மாணவங்க முந்நூறு பேர் உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னால நம்ம வீட்டுப் பிள்ளையைத் திருடன்னு சொல்லச் சொல்றியா?" பட்டறைக்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "கடவுள்கிட்ட நான் பேசிக்கிறேன். அவர் வெளிய சொல்ல மாட்டார்."