ராயல் ஜெல்லியில் பால்

"சார், ஒண்ணு நான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கணும். இல்லைன்னா இதுல பால் கலந்திருக்கு," என்றாள் வைஷ்ணவி.

ஹெப்பகோடியில் இருந்த அந்தச் சின்ன உணவுப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் சீனிவாசராகவன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் நீட்டிய சோதனைத் தகட்டைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த கோவிந்தப்பா எழுந்தே விட்டார்.

ஆனேக்கல் பக்கம் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பவர் அவர். ராணியாகப் போகும் புழுவுக்குத் தேனீக்கள் ஊட்டும், க்ரீம் போல வெளுத்த, புளிப்பான ராயல் ஜெல்லியை முதல் தடவையாகச் சேகரித்திருந்தார். கலப்படம் இல்லை என்று நாளைக்குள் அறிக்கை போனால்தான் மருந்துக் கம்பெனியின் ஆர்டர் கிடைக்கும்.

"பாலா? எங்க வீட்ல மாடே இல்லம்மா. காபிக்கே பாக்கெட் பால்தான்."

"பாக்கெட் பாலும் பால்தானே அண்ணா."

"தேவ்ராணே, சாமி சத்தியமா சொல்றேன், ஒரு சொட்டு கலக்கலை. பாலை ஊத்தி ஜெல்லி பண்ண முடியும்னா, நான் எதுக்கு மூஞ்சியெல்லாம் கொட்டு வாங்கணும்?"

அவருடைய இடது கண் பாதி மூடி வீங்கித்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வைஷ்ணவிக்குத் தன் மேலேயே சந்தேகம் கூடியது.

"சார், ராயல் ஜெல்லியோட முக்கியமான புரதம் இந்த இடத்துல தடிச்ச நீலக் கோடா வரணும். ஜெல்லியைக் கெட்டியா வெச்சிருக்கறதே அதுதான். ராணியோட அறை தலைகீழாத் தொங்கும். ஜெல்லி இளகிட்டா புழு கீழ விழுந்துடும். இதுல அந்தக் கோடே காணோம். பால் புரதம் வர்ற இடத்துல மட்டும் பளிச்சுனு இருக்கு."

"ஈவினிங் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்களா?"

"ஆமா சார். போன வாரம்தான் நடத்தினாங்க. அதான் பயமா இருக்கு."

"திரும்ப ஒரு தடவை பண்ணிப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன் சார். அளவு, சாயம், நேரம் எல்லாம் சரி. பாட்டிலையும் இவரோட நம்பர், பதினேழாம் குழியிலருந்துதான் எடுத்தேன்."

அங்கே எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி. ஃப்ரிட்ஜ் ஈரத்தில் சீட்டு உரிந்துவிடும் என்பதால் எண்ணைத் தட்டின் குழியில்தான் எழுதியிருப்பார்கள்.

"அப்புறம் என்ன? கலப்படம்னு எழுதிடு."

கோவிந்தப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொல் ஒரு தடவை அறிக்கையில் ஏறிவிட்டால், அவரிடம் தேன் வாங்குகிறவர்கள்கூட யோசிப்பார்கள்.

"எழுத மாட்டேன் சார்," என்றாள் வைஷ்ணவி. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. "மிச்சத்தையும் எடுத்து இன்னொரு தடவை பார்க்கறேன். ஃப்ரிட்ஜ்லருந்து பாட்டிலை..."

"ஃப்ரிட்ஜ் பக்கம் போகாதே." சீனிவாசராகவனின் குரல் சட்டென்று உயர்ந்தது. "அஞ்சு மணி வரைக்கும் இங்கேயே உட்காரு."

கதவிடுக்கில் சிந்தியாவின் தலை தெரிந்தது. பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவள். "சார், முடிஞ்சுது," என்று கிசுகிசுத்தாள்.

"அவசரப்படாதே, போ."

கோவிந்தப்பாவின் நல்ல கண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "ஏன் சார், ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்கு? என் பாட்டில்ல நீங்களே எதையாவது ஊத்திட்டு என்னைத் திருடன் ஆக்கறீங்களா?"

"ஐயையோ, அது இல்லப்பா." சீனிவாசராகவன் கைகளைத் தூக்கினார். "சிந்தியா, கொண்டு வந்துடும்மா. இதுக்கு மேல இவர் கிட்ட திட்டு வாங்க முடியாது."

சிந்தியா கேக்கோடு உள்ளே வந்தாள். நடுவில் வெளிர் மஞ்சள் எழுத்தில் 'வைஷ்ணவி' என்று இருந்தது.

"உன் வேலை பர்மனென்ட் ஆயிடுச்சுடி. ஆர்டர் காலையிலேயே வந்துடுச்சு, சார்தான் மூச்சு விடக் கூடாதுன்னுட்டார். கேக் கடையில வாங்கினது, பேரு மட்டும் நானே எழுதினேன். சிரிஞ்சு ஒண்ணு வீணாப் போச்சு."

வைஷ்ணவி அழுதுகொண்டே சிரித்தாள். முதல் துண்டை வெட்டி, தன் பெயரின் முதல் எழுத்தோடு கோவிந்தப்பாவிடம் நீட்டினாள். "முதல்ல நீங்க சாப்பிடுங்க அண்ணா. உங்க விஷயத்தைத் தீர்க்காம நான் கிளம்ப மாட்டேன்."

அவர் வேண்டா வெறுப்பாக எழுத்தை மட்டும் விரலால் வழித்து நாக்கில் வைத்தார். முகம் புளிப்பில் சுருங்கியது. பிறகு வீங்கிய கண்ணும் சேர்ந்து திறந்தது.

"சிந்தியாம்மா, இதை எங்கருந்து எடுத்தீங்க?"

"வீட்ல அடிச்ச பால் க்ரீம் அண்ணா. லேப் பாட்டில்லதான் கொண்டு வந்தேன். கேக்குக்கு இடம் பத்தலைன்னு ஃப்ரிட்ஜ் தட்டையெல்லாம் வெளியே எடுத்துத் திருப்பி வைக்கும்போது..." சிந்தியா பாதியில் நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "பாட்டில் மாறிடுச்சா? எழுதி முடிச்சு அந்தப் பாட்டிலையும் கழுவிட்டேனே."

கத்தியோடு வந்த சீனிவாசராகவனின் கையை வைஷ்ணவி பிடித்து நிறுத்தினாள்.

"யாரும் கேக்கைத் தொடாதீங்க சார். நாளைக்குக் காலையில முதல் வேலையா என் பேரைத்தான் டெஸ்ட் பண்ணணும்."