அலுவலகக் கடிகாரம்

காலையில் ஐந்து நிமிடம் முந்தியிருக்கும் அலுவலகக் கடிகாரம் மாலையில் சரியாகிவிடுவதை எப்படி நிரூபிப்பது என்று அறிவியல் ஆசிரியைக்கு நேற்று வரை விளங்கவில்லை. முள்ளைத் திருப்புவது தலைமையாசிரியர்தான். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே, தாமதமாக வந்ததாகப் பதினொரு சிவப்புக் கோடுகள். இன்னொன்று விழுந்தால் வேலை போய்விடும். ஜன்னல் வெயில் மேசைமேல் இருக்கும் மாணவிகளின் அறிவியல் செயல்திட்டத் தாளில் சாய்கிறது. "பிள்ளைங்களே கேள்வி கேட்டு, அளந்து, விடை கண்டுபிடிக்கணுமாக்கும். முதல்ல நேரத்துக்கு வரப் பழகுங்க டீச்சர், அதுவே பெரிய ஆராய்ச்சி" என்று சிரித்தபடி, தலைப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார் அவர். "கட்டாயம் சார்" என்கிறாள் அவள், மை காய ஊதியபடி. பழுதான கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். கைபட்ட கடிகாரம்தான் தாவும். நாளை முதல் மாணவிகள் மணிக்கொரு முறை அலுவலகக் கடிகார நேரத்தையும் வானொலி நேரத்தையும் அருகருகே எழுதி, அது தாவும் இடத்தைப் பெற்றோர் கூட்டத்தில் வரைபடமாகக் காட்டுவார்கள்.