ஆமாம் என்றால் பாட்டு

அடுப்புக்குள் ரொட்டி மாவைத் தள்ளுவது போல என்னை ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள்.

நான் வாயைத் திறந்து ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை. முடியாது. கை ஆடாது, கால் ஆடாது, கண்ணிமைகூட என் பேச்சைக் கேட்பதில்லை. மூச்சையே ஒரு மெஷின்தான் எனக்காக விட்டுக்கொண்டிருக்கிறது.

காது மட்டும் பாம்புக் காது. அடுத்த தெருவில் எறும்பு தும்மினாலும் எனக்குக் கேட்கும்.

ஆனால் அது இவர்களுக்குத் தெரியாது. உள்ளே ஆள் இருக்கிறானா, காலி வீடா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

ஹெட்போனில் டாக்டரம்மாவின் குரல் வந்தது. "ஐயா, நான் கேக்குறதுக்கு 'ஆமாம்'னா மனசுக்குள்ள ஒரு பாட்டுப் பாடுங்க. 'இல்லை'ன்னா மனசைச் சும்மா வச்சிருங்க."

பாட்டை நினைத்தால் மூளையின் ஒரு மூலை திரையில் சிவக்குமாம். சும்மா இருந்தால் சிவக்காதாம்.

மனசைச் சும்மா வைப்பதா? நானா?

சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தே கிழவனானவன் நான். கிழித்ததையெல்லாம் ஒட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். வழியில் டீக்கடைக்கு ஒரு சுற்றுச் சுற்றவும் மிச்சம் இருக்கும். ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கதவுக்கு வெளியே நின்று காதால்தான் பார்த்தேன். அப்படி உள்ளே வந்த பாட்டுகள் வெளியேற வழி தெரியாமல் என் தலைக்குள்ளேயே குடும்பம் நடத்துகின்றன. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொண்டையைச் செருமும். சாப்பிடும்போது, தூங்கும்போது, அப்பாவின் பிணத்தருகே நின்றபோதுகூட.

மனைவியிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"ஆமா, இருநூறு வயலின்காரனுங்க உங்க மண்டைக்குள்ள வாடகை குடுக்காம இருக்கானுங்க" என்று சொல்லிவிட்டு, துணி உலர்த்தப் போய்விட்டாள்.

இருநூறு என்று அளந்தது நான்தான்; இருபது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளோ என்னவோ.

"ஐயா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

பாட்டு அது பாட்டுக்கு ஓடியது. கூடவே நானும் பாடினேன்.

"உங்களுக்கு ஒரே பொண்ணா?"

இன்னும் பலமாகப் பாடினேன். அந்தக் குழாயே பிளந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். என் மகள் கத்துவது கேட்டது. "அம்மா! அப்பா உள்ள இருக்காரும்மா!"

டாக்டரம்மா ஜாக்கிரதைக்காரி. "ஐயா, நீங்க ஒரு டாக்டரா?" என்று கேட்டார்.

இல்லை. இப்போது சும்மா இருக்க வேண்டும். பல்லைக் கடித்தேன், அதாவது கடித்ததாக நினைத்துக்கொண்டேன். உள்ளே, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஓடுகிற பல்பொடி விளம்பரம் ஆரம்பித்தது. தேய்ச்சா வெள்ளை, சிரிச்சா கொள்ளை!

"இதுக்கும் ஆமாம்னு வருதே" என்று டாக்டரம்மா இழுத்தார்.

"அத்தனையும் கொழுப்பு, டாக்டரம்மா!" என் மனைவியின் குரல் பல மாதங்களுக்குப் பிறகு துள்ளியது. "மாடி வீட்டு அம்மாகிட்ட தன்னை சர்ஜன்னு சொல்லி நாக்கை நீட்டச் சொன்ன மனுஷன். பைலட்டான்னு கேளுங்க, அதுக்கும் ஆமாம்பாரு."

கேட்டார்கள். பல்பொடி ஓடியது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதுக்குத் தேனாக இருந்ததால், பைலட்டாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு சிரிப்பு ஓய்ந்தது. என் மகள் மூக்கை உறிஞ்சினாள். "அதையும் அவர்கிட்டயே கேட்டுடுங்க டாக்டர். எங்களால முடிவு பண்ண முடியல."

டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. "ஐயா, ஒளிக்காமச் சொல்றேன். இனிமே நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. இப்படியேதான். மூச்சு மெஷினை நிறுத்திடலாமா?"

வேண்டாம்.

நிறுத்தாதீர்கள். கட்டை மாதிரிக் கிடப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் என் மனைவி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டே ஊர் வம்பையெல்லாம் கொட்டுகிறாள். அதைக் கேட்டபடி இன்னும் ஆயிரம் வருஷம் கிடப்பேன். சரி, ஆயிரம் வேண்டாம். மாடி வீட்டுச் சண்டை என்ன ஆயிற்று என்று நாளைக்கு அவள் சொல்லி முடிக்கும் வரைக்குமாவது.

மனசே, கொஞ்சம் சும்மா இரு.

வெள்ளைச் சுவர் ஒன்றை நினைத்தேன். சுவர் முணுமுணுத்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எண்ணிக்கை தாளத்தில் விழுந்தது. குழாயின் டக் டக் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அது தபேலாவாயிற்று. தபேலாவைக் கேட்டதும் வயலின்கள் எழுந்து நின்றன.

தேய்ச்சா வெள்ளை.

டாக்டரம்மா மறுபடி கேட்டார். பல்லாயிரம் பேர் சேர்ந்து பாடினார்கள். கெஞ்சினேன். கெஞ்சலும் அதே மெட்டில் வந்தது.

"ஆமாம்னுதான் வருது" என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் தயங்கினார். "அம்மா, இதுவும் அவரோட குசும்பா இருக்குமோ?"

மகள் அழுவது கேட்டது.

"இல்லம்மா" என்றாள் என் மனைவி. "இதுல விளையாட மாட்டாரு. இந்த ஒண்ணை நம்பலாம்."